அப்பாவுக்கு ஒரு நினைவுப் புத்தகம்: எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம், எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்

படங்களை ஏற்றுங்கள், பத்து நிமிடத்தில் புத்தகம் தயார் என்பதுதான் போட்டோ புத்தகம் அச்சிட்டுத் தரும் சேவைகளின் விளம்பரம். ஒரு கல்யாணத்துக்கோ சுற்றுலாவுக்கோ அது உண்மைதான். மறைந்த அப்பாவுக்கு, பேரப்பிள்ளைகள் தாத்தா என்று கூப்பிட்ட மனிதருக்கு, ஒரு புத்தகம் போட உட்காரும்போதுதான் இவை தடுமாறுகின்றன. ஒரே கேமராவில் ஒரே வாரத்தில் எடுத்த படங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை இவை. எழுபது எண்பது வருட வாழ்க்கை அப்படி வராது. கறுப்பு வெள்ளைப் படம், நிறம் வெளுத்த கலர் பிரிண்ட், ஃபிலிம் நெகட்டிவ், ஆரம்பகால டிஜிட்டல் கேமராவின் சின்னஞ்சிறு கோப்பு, போனில் குவிந்திருக்கும் ஆயிரக்கணக்கான படங்கள், நடுவில் ஒரு கேசட். இத்தனையும் கலந்துகட்டித்தான் மேஜைக்கு வரும்.

கிடைக்கும் சேவைகள் மூன்று வகை. நாமே படங்களை ஏற்றி நாமே அடுக்கிக்கொள்ளும் செயலி அல்லது இணையதளம் ஒன்று. ஆல்பத்தையும் பெட்டியையும் ஒப்படைத்துவிட்டால் ஸ்கேன், வடிவமைப்பு, அச்சு எல்லாம் முடித்துத் தரும் ஸ்டூடியோ இன்னொன்று. ஸ்கேன் ஓரிடம், அச்சும் பைண்டிங்கும் வேறிடம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்து வாங்குவது மூன்றாவது. வீட்டில் ஒருவராவது கணினி முன்னால் சில வாரம் உட்காரத் தயாரென்றால் மூன்றாவதுதான் சரி. முதல் வகையை, பேரப்பிள்ளைகளோடு தாத்தா இருக்கும் கடைசிப் பத்து வருடத்துக்கு மட்டும் ஒரு சின்னப் புத்தகம் போடப் பயன்படுத்தலாம். இரண்டாவது வகையில் செலவு அதிகம், நம் கையில் மிஞ்சுவது குறைவு. ஸ்கேன் செய்த மூலக் கோப்புகளையும் அச்சுக்குப் போகும் பிடிஎஃபையும் கொடுப்பீர்களா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். கொடுக்கமாட்டோம் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சில வருடம் கழித்து இன்னொரு பிரதி தேவைப்படும்போது, அவர்களிடம் அந்தக் கோப்பு இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இணையச் சேவைகளிலும் பல, சேமித்து வைத்த திட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுகின்றன; நிபந்தனைகளில் அது ஒரு வரியில் ஒளிந்திருக்கும்.

தானாக அடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்

செயலிகள் பெருமையடித்துக்கொள்ளும் தானியங்கி அடுக்குதான் இந்த வேலையைக் கெடுப்பதில் முதலிடம். படத்துக்குள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தேதியை வைத்து அது வரிசை போடுகிறது. 1962இல் எடுத்த படத்தை நேற்று ஸ்கேன் செய்திருந்தால், அதற்கு அது நேற்றுப் பிறந்த படம். விளைவு, பேரனைத் தோளில் தூக்கிவைத்திருக்கும் தாத்தாவுக்கு அடுத்த பக்கத்தில், அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடப் பையனாக அவரே வந்து நிற்பார். வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் எடுத்த தேதியே அழிந்துபோயிருக்கும். அவை போனுக்கு வந்துசேர்ந்த நாளில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கோப்பின் பெயரிலேயே வருடத்தை முன்னால் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை: 1962_01, 1962_02 என்று. வருடம் நிச்சயமில்லையா, 1965_00_04 என்று நடுவில் பூஜ்யங்களைப் போட்டு அடையாளம் வையுங்கள். பிறகு தளத்தில் ‘தேதி வரிசை’க்குப் பதில் ‘பெயர் வரிசை’யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வே இல்லாத தளங்களும் உண்டு. அவற்றுக்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் படத்துக்குள் இருக்கும் தேதியையே மாற்றிவிடலாம்.

வரிசையைவிட மோசமானது தேர்வு. தெளிவாக, வெளிச்சமாக, சிரித்த முகமாக இருக்கும் படங்களைத்தான் தானியங்கி பொறுக்கும். அப்படிப்பட்டவை எல்லாமே போன் வந்த பிறகு எடுத்தவை. அதனால் அறுபது பக்கத்தில் நாற்பது பக்கம் கடைசி ஐந்தாறு வருடமாகவே போய்விடும். அவர் அப்பாவாக இருந்த முப்பது வருடம் நான்கு பக்கத்தில் அடங்கிவிடும். எனவே படத்தைத் தொடுவதற்கு முன் பக்கங்களைப் பங்கு பிரித்துவிடுங்கள். 60 பக்கப் புத்தகத்துக்கு எங்கள் பரிந்துரை இது: பிறப்பு, பள்ளி, இளமை 8 பக்கம், வேலையும் கல்யாணமும் 12, பிள்ளைகள் வளர்ந்த காலம் 18, பேரப்பிள்ளைகள் 14, கடைசி வருடங்கள் 4, குடும்ப மரமும் எழுத்தும் 4. பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று படம். மொத்தம் 120 முதல் 150 படம். அதற்கு மேல் போனால் ஆல்பம் ஆகிவிடும், யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். நோய்ப்படுக்கைப் படங்களை விட்டுவிடுவதே நல்லது. அவற்றைச் சேர்க்கச் சொல்பவர்கள் படுக்கையில் அவரைப் பார்த்துக்கொண்டவர்களாகவே இருப்பார்கள், அவர்கள் நியாயம் புரிகிறது. ஆனால் அந்தப் புத்தகத்தை எடுக்கும் ஒவ்வொரு கையும் அந்தப் பக்கத்தைத் தாண்டத்தான் பார்க்கும்.

பிள்ளைகள் வளர்ந்த காலத்து 18 பக்கத்தை நிரப்புவதுதான் கஷ்டம். பல வீடுகளில் கேமரா அப்பா கையில் இருந்தது. அதனால் அந்தக் காலத்துப் படங்களில் அவர் இருக்கமாட்டார். அவர் இருக்கும் படங்கள் அடுத்தவர் வீட்டு ஆல்பங்களில் இருக்கும்: சித்தப்பா, அத்தை வீட்டுக் கல்யாணங்களில் பின்வரிசை, அலுவலகக் குழுப்படம், பழைய அடையாள அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம். அவர் எடுத்த படங்களையும் சேர்த்து, ‘படம் எடுத்தது அப்பா’ என்று குறிப்பிடுவது வெறும் சமாளிப்பு இல்லை. யாரை எங்கே நிறுத்தினார், எதைப் படமெடுக்கத் தகுந்ததென்று நினைத்தார் என்பது அவரைப் பற்றிய செய்திதானே.

ஸ்கேன்: காசு செலவழிக்கத் தகுந்த இடம்

பழைய பிரிண்டை போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று சொல்லும் சேவையை நம்பாதீர்கள். தட்டையான கண்ணாடிப் படுக்கை உள்ள ஸ்கேனர்தான் வேண்டும். தாள்களை உள்ளே இழுத்து வேகமாகத் தள்ளும் ஸ்கேனர், ஓரம் மடிந்த, விரிசல் விட்ட பழைய படங்களைக் கீறிவிடும். அதோடு உள்ளிருக்கும் தூசு ஒன்று ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் எல்லாப் படத்திலும் நீளக் கோடு விழும். ஆயிரம் படத்தை ஒரே நாளில் முடித்துத் தருவோம் என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அளவுகளைத் தெரிந்துகொண்டு போங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) வேண்டும், முழுப்பக்கப் படத்துக்கு 200 வரை சமாளிக்கலாம். 4க்கு 6 அங்குலப் பிரிண்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் வரும். ஏ4 முழுப்பக்கத்துக்குத் தேவையானது 2480க்கு 3508. அதாவது கிட்டத்தட்ட அதே அளவு, போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ. 35 மி.மீ. நெகட்டிவ் இருந்தால் அதுவே ராஜா: 3000 டிபிஐயில் 2800க்கு 4250 பிக்சல் அளவில் கிடைக்கும், பிரிண்டில் இல்லாத விவரமும் இருக்கும். ஆகவே ஆல்பத்துக்குப் பின்னால் செருகிவைத்த நெகட்டிவ் உறைகளைத் தேடிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் தானாக நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் போடக்கூடாது. அதிலுள்ள வெள்ளி அந்தக் கதிரை மறைப்பதால், படத்தையே கீறல் என்று எடுத்துக்கொண்டு முகங்களைக் குதறிவிடும். கலர் நெகட்டிவுக்கு அது அருமையாக வேலை செய்கிறது.

குழுப்படத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரிசையில் நிற்பவரின் முகம் பிரிண்டில் 4 மி.மீ. இருந்தால், 1200 டிபிஐயில் எடுத்தாலும் அந்த முகத்துக்குக் கிடைப்பது 190 பிக்சல். அச்சில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக்கினால் மங்கும். முழுக் குழுவையும் பெரிதாகப் போட்டு, யார் எங்கே என்று கீழே எழுதிவிடுவதுதான் வழி.

கேட்டுவாங்க வேண்டியவை இன்னும் சில. கோப்பு, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் வேண்டும், ஜேபெக் வேண்டுமானால் கூடுதலாகத் தரட்டும். தானாக நிறம் திருத்தும் வசதி அணைக்கப்பட்டிருக்க வேண்டும். படத்தின் பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். பெரும்பாலான இடங்களில் கேட்காமல் செய்யமாட்டார்கள், தேதியும் ஊரும் பெயரும் இருப்பதோ அங்கேதான். பழைய கலர் பிரிண்டுகள் செக்கச்செவேலென்று வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சியான் (நீலப்பச்சை) சாயம் முதலில் வெளுத்துவிடுவதால் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகத் திருத்தினால் பெரும்பகுதி மீண்டுவிடும். தேன்கூடு போலப் புள்ளி புள்ளியாக மேடு வைத்த தாளில் அச்சான பிரிண்டுகளைச் சாதாரணமாக ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் அம்மை போட்டதுபோல் ஆகும். ஒருமுறை நேராகவும் ஒருமுறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்து இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று கலந்தால் மேடுகளின் நிழல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இதைச் சொன்னதும் புரிந்துகொள்ளும் ஸ்கேன்காரர் நல்ல ஸ்கேன்காரர்.

பசை பூசிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்களில் படம் ஒட்டிப்போயிருக்கும். பிய்க்காதீர்கள். பல் இடுக்குக்குப் பயன்படுத்தும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெல்ல அறுத்துக்கொண்டே வாருங்கள். வரவில்லையா, பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கிவிட்டு ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யலாம். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

உறவினர்களிடமிருந்து போன் படங்கள் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும், அச்சில் ஐந்து அங்குலத்துக்கு மேல் தாங்காது. ‘ஆவணம்’ என்ற தேர்வில் இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும்.

முகத்தைச் சீராக்கும் செயற்கை நுண்ணறிவு

இப்போது பல சேவைகள் இதையும் சேர்த்துத் தருகின்றன. மங்கிய முகம் ஒரு சொடுக்கில் தெளிவாகும். முதல் பார்வைக்கு வியப்பாகத்தான் இருக்கும். இரண்டாவது பார்வையில்தான் சங்கடம். அந்த மென்பொருள் இல்லாத விவரத்தை மீட்பதில்லை, எங்கோ பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்து வைக்கிறது. அப்பாவின் தாடை இன்னொருவர் தாடை ஆகிவிடும். காது மடல், முன்பற்களின் இடைவெளி, மச்சம், ஒரு பக்கம் சற்று இறங்கிய இமை: இந்த நான்கையும் வேறொரு தெளிவான படத்தோடு வைத்துப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள். மங்கலான அப்பா, தெளிவான அந்நியரைவிட மேல்.

கீறல், மடிப்பு, பூஞ்சைப் புள்ளி, கிழிந்த ஓரம் ஆகியவற்றை நீக்க இதே கருவி நன்றாக உதவுகிறது, முகத்தைத் தொடாமல் பின்னணியில் மட்டும் பயன்படுத்தினால். கறுப்பு வெள்ளைக்கு நிறம் ஏற்றுவது வெறும் ஊகம். சட்டை நீலமா பச்சையா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அப்படியும் ஆசைப்பட்டால் மூலப் படத்தைப் பக்கத்திலேயே போட்டு, நிறம் பின்னால் சேர்த்தது என்று எழுதிவிடுங்கள். பேரன் காலத்தில் அதுவே ஆதாரம் ஆகிவிடக்கூடாது. படத்தைக் கண் சிமிட்ட வைப்பது, இறந்தவர் குரலில் புதிதாகப் பேசவைப்பது போன்ற கூடுதல் சேவைகளுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைப்பதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமா?

எழுத்தும் தமிழும்

சேவைகள் கொடுக்கும் ஆயத்த வாசகங்களை அப்படியே விட்டால் ‘அன்பே உருவான தந்தை, பாசமிகு தாத்தா’ என்று வரும். எந்த அப்பாவுக்கும் பொருந்தும், அதனால் எந்த அப்பாவையும் காட்டாது. பெயரடைகளை எடுத்துவிட்டு அவர் செய்ததை எழுதுங்கள். ‘1974. முன்கம்பியில் தம்பி, பின்சீட்டில் அக்கா. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பிள்ளைகள் இறங்க வேண்டியதில்லை.’ பாசம் என்ற சொல் இல்லை, தேவைப்படவும் இல்லை. பேரப்பிள்ளைகளிடம் ‘தாத்தா எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவர்’ என்பதோடு நிற்பார்கள். ‘தாத்தா உனக்கு என்ன கற்றுக்கொடுத்தார், எதற்குத் திட்டினார், பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது யார் பையை யார் தூக்கினார்கள்’ என்று கேட்டுப் பாருங்கள், பக்கம் நிரம்பும்.

படக்குறிப்பு இருபது சொல்லுக்குள் இருக்கட்டும். வாழ்க்கைக் குறிப்பு முந்நூறு, நானூறு சொல் போதும். குறிப்புகளில் ஒரு பக்கம் ‘அப்பா’, மறுபக்கம் ‘தாத்தா’, இன்னொரு பக்கம் ‘மாமா’ என்று வந்தால், யார் எழுதியது, யாருடைய அப்பா என்று முப்பது வருடம் கழித்துப் படிப்பவருக்குப் புரியாது. எல்லாப் படக்குறிப்பிலும் அவர் பெயரையே போடுங்கள். உறவுமுறையில் கூப்பிடுவதை, கையெழுத்திட்டு எழுதும் தனிக் கட்டுரைகளுக்கும் கடிதங்களுக்கும் விட்டுவிடுங்கள். பிறந்த தேதி சான்றிதழில் ஒன்றும் உண்மையில் வேறுமாக இருப்பது மூத்த தலைமுறையில் சகஜம். எதைப் போடுவதென்று குடும்பம் முதலிலேயே முடிவு செய்துகொள்ளட்டும், அச்சான பிறகு வரும் சண்டை பெரிது.

தமிழ் எழுத்து அச்சில் உடைவது இந்தச் சேவைகளின் தீராத குறை. வெளிநாட்டு வார்ப்புருக்களில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமுமாகப் பிரிந்து நிற்கும், புள்ளி எழுத்துக்கு மேல் ஏறாமல் பக்கத்தில் போய் உட்காரும். திரையில் சரியாகத் தெரிந்து பிடிஎஃபில் உடைவதும் உண்டு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்பவராக இருந்தால் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அது இல்லாமல் இந்திய மொழிகள் சரியாகக் கோர்க்கப்படாது. பழைய அச்சகங்கள் இன்னும் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் வேலை செய்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் யூனிகோடில் நீங்கள் தரும் கட்டுரையை அவர்கள் மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் அடிக்கடி இடம் மாறும். அந்த இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். செயலியில் தமிழ் எழுத்துருவே இல்லையென்றால், பக்கத்தை வேறு மென்பொருளில் தயார்செய்து 300 டிபிஐ படமாக ஏற்றுவது ஒரு குறுக்குவழி. எழுத்து கொஞ்சம் மென்மையாகத்தான் விழும்.

எழுத்தளவு 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம், வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்கு இடைவெளி. முதலில் படிக்கப்போவது பாட்டி. இரண்டு பக்கமும் சமமாக வரியை இழுக்கும் அமைப்பு தமிழின் நீளச் சொற்களுக்கு ஒத்துவராது, குறுகிய பத்திகளில் பொக்கை பொக்கையாக இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள்.

தாளும் பைண்டிங்கும்

இரண்டு அச்சு முறைகள் உண்டு. ஒன்று, உண்மையான புகைப்படத் தாளில் ரசாயனத்தில் கழுவி எடுப்பது. நிறம் புள்ளியில்லாமல் வழுவழுவென்று இருக்கும், தாள் தடிமன், இரண்டு பக்கமும் தட்டையாக விரியும். இன்னொன்று டிஜிட்டல் அச்சு இயந்திரம். எழுத்து கூர்மை, தாள் மெலிது, பக்கம் அதிகம் வைக்கலாம். படம் மட்டும் என்றால் முதலாவது. கட்டுரைகளும் குறிப்புகளும் நிறைய உள்ள நினைவுப் புத்தகத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம், தாள் 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), அமிலமற்றது, மேட் பூச்சு. பளபளப்புத் தாளில் விளக்கு வெளிச்சம் பிரதிபலிக்கும், விரல் தடமும் விழும்.

வெறும் பசை பைண்டிங்கில் நடுமடிப்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் படத்தை விழுங்கிவிடும். அங்கே முகம் வரக்கூடாது. பல வீடுகளில் பலமுறை திறக்கப்படும் புத்தகம் இது, பசை மட்டும் என்றால் பக்கம் கழன்றுவிடும். நூல் தைப்பு கேளுங்கள். அது இல்லாத இடத்தில் பியூஆர் பசையாவது வேண்டும், சாதாரண சூட்டுப் பசையைவிட நன்றாகப் பிடிக்கும். ஓரம்வரை வரும் படங்களுக்கு வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும், இல்லையென்றால் வெள்ளைக் கோடு தெரியும்.

திரையைவிட அச்சு இருட்டாக வரும் என்பதை மறக்காதீர்கள். போன் திரையின் வெளிச்சத்தை வைத்து முடிவெடுத்தால் மாலை நேரப் படங்கள் கறுத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படங்கள் நான்கு வண்ண அச்சில் லேசாகப் பச்சையோ ரோஸோ அடிக்கும். இது ப்ரூஃப் பிரதியில் மட்டுமே தெரியும், அதனால்தான் ஒரே ஒரு பிரதி முதலில் அச்சிட்டுத் தராத சேவையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

குரல்

படத்தைவிடக் குரல்தான் சீக்கிரம் தொலைகிறது. அவருடைய போன் எண்ணை உடனே துண்டித்துவிடாதீர்கள். 120 நாள் பயன்பாடில்லாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும், அவருடைய போனில் இருப்பவற்றை எடுக்க அதற்குள் வழிசெய்ய வேண்டும். குரல் செய்திகள் ஓபஸ் வடிவக் கோப்புகள். ஆண்ட்ராய்டில் அவற்றுக்குத் தனி ஃபோல்டர் உண்டு. கணினியில் இணைத்து முழுதாக நகலெடுங்கள், அவர் பேசிய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோர் போனிலிருந்தும்கூட.

கேசட்டை மாற்றித் தரும் சேவையிடம் இரண்டு கோப்பு கேளுங்கள்: எதுவும் செய்யாத மூலப் பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஒன்று, இரைச்சல் நீக்கியது ஒன்று. பெரும்பாலானவர்கள் இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கி, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். குரல் மந்தமாக இருந்தால் நாடாவின் குறை என்று சொல்வார்கள். பல சமயம் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணம் சரியாக வைக்கப்படாததுதான் காரணம், ஒரு திருகைத் திருப்பித் திருத்தக்கூடியது.

புத்தகத்தில் க்யூஆர் கோடு போட்டு குரலைக் கேட்கவைக்கும் சேவை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு நிறுவனத்தின் சுருக்க முகவரிக்குப் போகிறதா, நேரடியாகக் கோப்பின் முகவரிக்கா என்று பாருங்கள். முதலாவது என்றால் சந்தா நின்ற அன்று கோடு செத்துவிடும். குறைந்தது 2 செ.மீ. அளவில், மேட் தாளில், நடுமடிப்பிலிருந்து தள்ளி அச்சிட வேண்டும். அவர் பேசியதை எழுத்தாகவும் அதே பக்கத்தில் போட்டுவிட்டால், முகவரி போனாலும் பேச்சு இருக்கும்.

இணைய நினைவுப் பக்கங்கள்

‘என்றென்றும்’ என்று சொல்லும் தளங்களில் அந்தச் சொல்லுக்கு நிறுவனம் இருக்கும்வரை என்றுதான் பொருள். மொத்தப் பக்கத்தையும் இறக்கிக்கொள்ளும் வசதியும், ஒருவருக்கு மேல் நிர்வாகியாக இருக்கும் வசதியும் இல்லாதவற்றைத் தவிருங்கள். முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி, பேரப்பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றைப் பொதுப் பக்கத்தில் எழுத வேண்டாம்; மோசடிக்காரர்கள் இரங்கல் குறிப்புகளைப் படிக்கிறார்கள்.

ஏற்கெனவே இருக்கும் கணக்குகளைப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம். தனக்குப் பின் கணக்கைக் கவனிக்க மரபுத் தொடர்பாளர் ஒருவரை அவர் முன்பே நியமித்திருந்தால், அந்தத் தொடர்பாளர் முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே ஒரு பதிவை நிறுத்திவைக்கலாம். தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. கூகுள், இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கக்கூடும் என்பதால் அவர் போட்டோக்கள் அங்கே இருந்தால் அவசரம். ஆப்பிளில் ஐஓஎஸ் 15.2 முதல் மரபுத் தொடர்பு வசதி இருக்கிறது. அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் கேட்பார்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன்

ப்ரூஃப் பிரதியை மூன்று பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும்: தேதிகளுக்கு ஒருவர், பெயர்களின் எழுத்துக்கு ஒருவர், மூன்றாமவர் ஒரு தாளில் எல்லாப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரையும் எழுதி யார் எத்தனை பக்கத்தில் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். விட்டுப்போன ஒரு பேத்தியால் வரும் மனக்கசப்பை எந்த மறுஅச்சும் சரிசெய்யாது. திருத்தம் முடிந்தபின் எல்லாப் பிரதிகளையும் ஒரே தடவையில் அச்சிடுங்கள், தவணைக்குத் தவணை நிறம் மாறும். குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, மேலே இரண்டு.

கடைசியில் எட்டுப் பக்கம் பூச்சில்லாத வெறும் தாளாகச் சேர்க்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் கையால் எழுதுவதற்கு. லேமினேஷன் செய்த தாளில் பேனா மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். வெறும் தாளிலும் ஜெல் பேனா வேண்டாம். தண்ணீர் பட்டால் கரையாத நிறமி மை உள்ள பேனா, அல்லது பென்சில்.